விசா எடுத்துக் குடுத்தா போதுமா?

ஃபைனல் இயர் வந்துட்டா நம்ம எல்லாருக்கும் வீட்ல ஒரு பதவி தானா கிடைச்சுடும்: குடும்பத்தோட ஆன்லைன் ஆபீசர். கரண்ட் பில், தட்கல் டிக்கெட், ஆதார் திருத்தம் எல்லாம் நம்ம தலையில. இப்ப சில வீடுகள்ல அந்த லிஸ்ட்ல புதுசா ஒண்ணு சேர்ந்திருக்கு. பெரியவங்களோட ஃபாரின் டூர். அண்ணனோ அக்காவோ லண்டன் பக்கம் வேலைக்குப் போய் செட்டில் ஆகி, "வாழ்க்கையில ஒரு தடவையாவது வந்து பாருங்க"ன்னு ஒரு கோச் டூர் புக் பண்ணிடுவாங்க. ரெண்டு வாரம், ஒரே பஸ், இங்கிலாந்து, வேல்ஸ், அயர்லாந்து, ஸ்காட்லாந்து. அனுப்பி வைக்கிற வேலை இங்கே இருக்கிற நம்மளோடது.

எங்க வீட்ல இந்த ஜூன்ல பெரியப்பாவும் பெரியம்மாவும் போறாங்க. பெரியப்பா மின்வாரியத்துல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டையர் ஆனவர். பெரியம்மா வாரப் பத்திரிகையை அட்டையில இருந்து அட்டை வரைக்கும் படிக்கிறவங்க, சுத்த சைவம். டூருக்கு ஆகுற செலவு என்னோட நாலு வருஷ ஃபீஸைவிட ஜாஸ்தி. அதனால ஒரு மாசமா இதே வேலையா இருக்கேன். அதுல எனக்கு வந்த கருத்து இதுதான்: நாம ஃபார்ம் ஃபில் பண்ணி, பெட்டி வாங்கிக் குடுத்து, ஏர்போர்ட்ல டாட்டா காட்டுறதோட நிறுத்திக்கிறோம். இது பாதி வேலைகூட கிடையாது. ஜன்னல் வழியா என்ன தெரியப்போகுதுன்னு அவங்களுக்குத் தமிழ்ல சொல்லி அனுப்புறதுதான் பெரிய பாதி. அதை வேற யாரும் செய்யப் போறதில்ல.

"பஸ் டூரா? அதெல்லாம் டிராவலே இல்ல மச்சி"ன்னு ஹாஸ்டல்ல ஒருத்தன் சொன்னான். முதுகுல பையை மாட்டிக்கிட்டு தனியா சுத்துறதுதான் பயணமாம். அறுபத்திரண்டு வயசுல முழங்கால் வலியோட அவன் எடின்பரோ மேட்டுல பெட்டியை இழுத்துக்கிட்டு ஏறட்டும், அப்புறம் பேசலாம். கோச் டூர் நல்ல ஏற்பாடுதான். ஆனா அதுல ஒரு சிக்கல் இருக்கு. பிரிட்டிஷ் கம்பெனி டூர்ல கைடு மைக்ல பேசுறது இங்கிலீஷ்ல, அதுவும் அந்த ஊர் உச்சரிப்புல. ஹாலிவுட் படத்துக்கே சப்டைட்டில் போட்டுப் பார்க்கிற நமக்கே கஷ்டம். தமிழ் பேசுற டூர் மேனேஜரோட போற குரூப்பும் இருக்கு, அவங்க குடுத்து வச்சவங்க. மத்தவங்களுக்கு ரெண்டு வாரமும் "நிறைய பச்சை, நிறைய கோட்டை"ன்னு முடிஞ்சுடும்.

முதல்ல ஃபார்ம் விஷயத்தைச் சட்டுன்னு முடிச்சுடறேன். பிரிட்டனும் அயர்லாந்தும் ரெண்டு தனி நாடு. ரெண்டுமே ஷெங்கன்ல கிடையாது, அதனால பக்கத்து வீட்டு அங்கிள் பாரிஸ் போன ஷெங்கன் விசா கதை இங்கே உதவாது. இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருக்கிறவங்களுக்கு பிரிட்டிஷ்–ஐரிஷ் விசா ஸ்கீம்னு ஒண்ணு இருக்கு. அதுக்குத் தகுதியான விசா இருந்தா ஒரே விசாவுல ரெண்டு நாட்டையும் பார்க்கலாம். ஆனா எந்த நாடு விசா குடுத்ததோ அங்கேதான் முதல்ல இறங்கணும். அந்த ஸ்கீம் பெயர் விசாவுல இருக்கான்னு பார்த்துடுங்க. டப்ளின்ல இருந்து பெல்ஃபாஸ்ட் போற ரோட்ல பாஸ்போர்ட் பார்க்கிற பூத் எதுவும் இருக்காது. பூத் இல்லைங்கிறதால விசா தேவையில்லைன்னு அர்த்தம் ஆகாது.

அடுத்து அந்த ஐட்டினரி. அதை பிரோஷரா நினைச்சுப் படிக்காதீங்க, ஸ்பெக் ஷீட் மாதிரி படிங்க. வினைச்சொல்லைப் பாருங்க. "விசிட்"னு போட்டிருந்தா உள்ளே போவாங்க. "வியூ"ன்னு போட்டிருந்தா வெளியில நின்னோ ஜன்னல் வழியாவோ பார்க்கிறது. "போட்டோ ஸ்டாப்"னா இறங்கு, கிளிக், ஏறு. "ஆப்ஷனல்"னா தனியா காசு. எங்க பெரியம்மா ரொம்ப ஆசையா இருந்த ஒரு அரண்மனைக்கு நேரா "வியூ"ன்னுதான் இருந்தது. இப்பவே தெரிஞ்சதால பரவாயில்ல. அங்கே போய் கேட்டுக்கு வெளியில நின்னு தெரிஞ்சா மனசு ஒடிஞ்சுடும்.

ஏன் எல்லாம் இவ்ளோ அவசரம், ஏன் காலையில அந்த நேரத்துக்கே பெட்டியை ரூம் வாசல்ல வைக்கச் சொல்றாங்கன்னு பெரியப்பா கேட்டார். காரணம் டிரைவரோட சட்டம். நாலரை மணி நேரம் ஓட்டினா 45 நிமிஷம் பிரேக் கட்டாயம். ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்துல ரெண்டு நாள் மட்டும் 10 வரைக்கும் போகலாம். டாக்கோகிராஃப்னு ஒரு கருவி எல்லாத்தையும் பதிவு பண்ணிக்கிட்டே இருக்கும். வேகத்துக்கும் 100 கிலோமீட்டர்ல லிமிட்டர். நம்ம ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பேப்பர்ல வர்ற கன்ஸ்ட்ரெயின்ட் கணக்கு அப்படியே ரோட்ல ஓடுது. ஒருத்தர் கடையில பத்து நிமிஷம் லேட் பண்ணினா அந்தப் பத்து நிமிஷம் யாரோட கோட்டையில இருந்தோ கழியும். இதைச் சொன்ன உடனே பெரியப்பாவுக்குப் புரிஞ்சுபோச்சு. ஷிஃப்ட் பார்த்தவர்.

பொருள் விஷயத்துல நான் முக்கியம்னு நினைக்கிறது ரொம்பக் கம்மி. குடை வேண்டாம், தொப்பி வச்ச மழை ஜாக்கெட் வேணும். மோஹர் பாறைகள் 214 மீட்டர் உயரம், கீழே அட்லாண்டிக், அந்தக் காத்துல குடை திரும்பிக்கும். ஜூன்ல எடின்பரோவுல ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும், அதனால கண்ணை மூட ஒரு துணி. ஃபெரியில பஸ் கப்பலோட அடித்தளத்துல நிக்கும். எல்லாரும் மேலே வந்துடணும், கரை சேர்ற வரைக்கும் கீழே போக விட மாட்டாங்க. ஹோலிஹெட்ல இருந்து டப்ளினுக்கு மூணு மணி நேரத்துக்கு மேல. பிரஷர் மாத்திரையும் ஸ்வெட்டரும் கையில இருக்கணும். நெய், பனீர் மாதிரி பால் பொருள் எதையும் பெட்டியில வைக்காதீங்க, இங்கேயிருந்து எடுத்துட்டுப் போக அனுமதி இல்ல. அப்புறம் காலை டிஃபன். தட்டுல வட்டமா, கறுப்பா, மொறுமொறுன்னு உளுந்து வடை மாதிரி ஒண்ணு இருக்கும். பேரு பிளாக் புட்டிங். புட்டிங்னதும் இனிப்புன்னு நினைச்சுடாதீங்க, அது பன்றி ரத்தத்துல செய்யுறது. பெரியம்மாவுக்கு அதோட போட்டோவைக் காட்டிட்டேன். ஒரு நாள் பூரா அதையே சொல்லிக்கிட்டு இருந்தாங்க.

பெரியப்பாவுக்குன்னு நான் எடுத்து வச்சது அந்த ஊர் பிளக். வோல்டேஜ் நம்மளோடதுதான், 230, 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் வேண்டாம், முனை மாத்துற அடாப்டர் போதும். ஆனா அவங்க பிளக் ஒவ்வொண்ணுக்குள்ளேயும் ஒரு ஃபியூஸ் இருக்கு. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் தாமிரத்தை மிச்சம் பண்ண வீட்டு வயரிங்கை வளையமா, ரிங் சர்க்யூட்டா போட்டாங்க. அந்த வளையத்துக்குப் பொதுவான ஃபியூஸ் பெருசு, ஒரு டேபிள் லேம்ப் வயரைக் காப்பாத்த அது உதவாது. அதனால காவலைப் பிளக்குக்குள்ளேயே வச்சுட்டாங்க. எர்த் பின் கொஞ்சம் நீளம், அது உள்ளே போனாத்தான் மத்த ரெண்டு ஓட்டைக்கும் கதவு திறக்கும். இதைக் கேட்டப்ப அவர் முகத்துல வந்த சந்தோஷம் பக்கிங்ஹாம் அரண்மனை போட்டோவுக்கு வரல.

இப்ப பெரிய பாதிக்கு வரேன். பொதுவா அயர்லாந்து பகுதியில ஒரு நாள் டப்ளின், அப்புறம் வடக்கே பெல்ஃபாஸ்ட். நடுவுல பஸ் ஒரு நாட்டுல இருந்து இன்னொரு நாட்டுக்குப் போகும், யாரும் நிறுத்த மாட்டாங்க. தெரியாதவங்களுக்கு அது வெறும் ரோடு. தெரிஞ்சவங்க மட்டும் வேக பலகையைப் பார்ப்பாங்க. கிலோமீட்டர் மைலா மாறும், ரோட்டோரத்து மஞ்சள் கோடு வெள்ளையா மாறும், யூரோ போய் பவுண்டு வரும். 1921-ல தீவைப் பிரிச்சாங்க. 1960-கள் கடைசியில இருந்து வடக்குல நடந்த மோதல்கள்ல சுமார் 3,500 பேர் செத்தாங்க. இதே எல்லையில ராணுவச் சாவடியும் காவல் கோபுரமும் இருந்தது. 1998 ஏப்ரல் 10, புனித வெள்ளி அன்னைக்கு ஒப்பந்தம் ஆச்சு. இன்னைக்கு அங்கே "ஒண்ணுமே இல்லை"ங்கிறதுதான் பார்க்க வேண்டிய காட்சி. கைடு இதையெல்லாம் சொல்லுவார்தான். ஆனா மூணு நிமிஷ இங்கிலீஷ்ல அது பெரியம்மாவுக்குப் போய்ச் சேருமா? ஊரைப் பிரிச்சா என்ன ஆகும்னு அவங்களுக்கு நல்லாவே தெரியும், சொந்தத் தம்பிகிட்ட பாகப்பிரிவினைல பேச்சு விட்டவங்க. அந்த வார்த்தையில சொன்னா போதும். கூடவே ஒரு எச்சரிக்கை: டப்ளின் கடையில நின்னுக்கிட்டு "யூகே ரொம்ப அழகா இருக்கு"ன்னு சொல்லிடக் கூடாது.

இன்னொண்ணு. டப்ளின் ஆத்தங்கரையில எலும்பும் தோலுமா சில வெண்கல உருவங்கள் நடந்து போற மாதிரி நிக்கும். பஞ்ச நினைவுச் சின்னம். 1845-ல உருளைக்கிழங்குல நோய் விழுந்து சில வருஷத்துல சுமார் பத்து லட்சம் பேர் செத்தாங்க, அதே அளவுக்கு கப்பல் ஏறிப் போனாங்க. நாட்டுல இருந்து உணவு ஏற்றுமதி மட்டும் நடந்துக்கிட்டே இருந்தது. "கிரேட் ஃபேமின்"னு மைக்ல சொன்னா அது நம்ம காதுல ஒரு பாடத் தலைப்பு. "தாது வருஷப் பஞ்சம் மாதிரி"ன்னு சொல்லிப் பாருங்க. பெரியம்மா தன் பாட்டி சொன்ன கதையை உடனே எடுத்தாங்க. 1876-ல இருந்து 78 வரைக்கும் மெட்ராஸ் மாகாணத்துல ஜனங்க செத்துக்கிட்டு இருந்தப்பவும் இந்தியாவுல இருந்து தானியம் கப்பல் ஏறிக்கிட்டுதான் இருந்தது.

தொடர்பு இதோட நிக்கல. ஐரிஷ் பஞ்ச நிவாரணத்தை லண்டன் கருவூலத்துல உட்கார்ந்து நடத்தின அதிகாரி சார்லஸ் டிரெவெல்யன். சந்தை தானே சரி பண்ணிக்கும், அரசாங்கம் ரொம்பக் கொடுத்துப் பழக்கக் கூடாதுன்னு நம்பின ஆள். அயர்லாந்துல அந்தப் பேருக்கு இன்னும் மன்னிப்பு கிடைக்கல. அதே ஆள்தான் 1859-ல மெட்ராஸ் கவர்னரா நம்ம ஊருக்கு வந்தார். இங்கே வந்து, கல்கத்தா அரசாங்கம் போட நினைச்ச புது வரிகளை வெளிப்படையா எதிர்த்தார், அதனாலேயே 1860-ல திருப்பிக் கூப்பிட்டுட்டாங்க. ஒரே மனுஷன், ரெண்டு ஊர்ல ரெண்டு கணக்கு. கோச் டூர்ல ஐரிஷ் பாட்டு ராத்திரின்னு ஒண்ணு வச்சாங்கன்னா "தி ஃபீல்ட்ஸ் ஆஃப் ஏதன்ரை" பாட்டு வர நல்ல வாய்ப்பு இருக்கு. அதுல டிரெவெல்யன் பேர் வரும். எல்லாரும் கை தட்டிப் பாடுவாங்க. அந்த ஹால்ல "இந்த ஆளு எங்க ஊர் கவர்னர்"னு தெரிஞ்ச ஒரே டேபிள் பெரியம்மாவோடதா இருக்கும்னு நினைச்சாலே எனக்குச் சிரிப்பு வருது.

"இதையெல்லாம் சொல்ல எங்கடா டைம், பிராஜெக்ட் ரிவ்யூ இருக்கு"ன்னு கேப்பீங்க. நான் பண்றது இது: ஒரு நாளுக்கு ஒரு வாய்ஸ் நோட், மூணு நிமிஷம், தமிழ்ல. முதல் நாளே ஃபோன்ல இறக்கி வச்சுடணும், நெட் வேண்டாம். ஒரு உண்மையைச் சொல்லணும்னா, நம்மள மாதிரி இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவங்களுக்கு அந்த மூணு நிமிஷம் ஈஸி கிடையாது. பரீட்சையில ஒரு பக்கம் எழுதின விஷயத்தை அம்மாகிட்ட சொல்லுன்னா நாக்கு ஒட்டிக்கும். ரெண்டாவது தடவை சொல்லும்போதுதான் நமக்கே புரியுது.

இன்னைக்கு ரெக்கார்ட் பண்ணினது ஹோலிஹெட் போற நாளுக்கானது. வேல்ஸ் கரையில இருந்து ஆங்கிள்சி தீவுக்குப் பஸ் பிரிட்டானியா பாலத்துல போகும். 1850-ல ராபர்ட் ஸ்டீஃபன்சன் கட்டினது, அப்ப ரயில் ஒரு பெரிய இரும்புக் குழாய்க்குள்ள ஓடுச்சு. 1970-ல உள்ளே புகுந்த பசங்களால தீப்பிடிச்சு குழாய் வீணாச்சு, அப்புறம் எஃகு வளைவு குடுத்து, ரயிலுக்கு மேல 1980-ல ரோடு போட்டாங்க. ரெண்டு முனையிலயும் கல் சிங்கங்கள் உண்டு, ஆனா அது ரயில் மட்டத்துல இருக்கு, பஸ்ல இருந்து தெரியாது. தேட வேண்டாம்னு சொல்லிட்டேன். வலது பக்கம் பார்த்தா 1826-ல தாமஸ் டெல்ஃபர்ட் கட்டின மெனாய் தொங்கு பாலம் தெரியும். பெரியப்பாவை அன்னைக்கு மட்டும் வலது ஜன்னல் சீட்டைக் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கேன். சீட்டை தினமும் மாத்துவாங்களாம், பெரியம்மா கிட்டே பேரம் இப்பவே நடக்குது.