உவர் நீரும் மனநிறைவும்



யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து ஏ-9 வீதி வழியாக வன்னிப் பெருநிலப்பரப்பை நோக்கிப் பயணிக்கும் எவரும் ஆனையிறவைக் கடந்தே செல்லவேண்டும். ஒரு காலத்தில் யானைகள் ஆழம் குறைந்த கடல்நீரேரியில் இறங்கிக் கடந்த துறையாதலால் அவ்விடம் அப்பெயரைப் பெற்றது. இன்றோ அப்பெயரைக் கேட்டதும் நம்மவர் உள்ளத்தில் எழுவது யானைகளல்ல, போரின் நினைவுகளே. 1991, 2000, 2009 ஆகிய ஆண்டுகளில் அச்சிறு நிலத்துக்காக நடந்த சண்டைகளில் எத்தனை தாய்மாரின் பிள்ளைகள் மாண்டனர்! 1990ஆம் ஆண்டு நின்றுபோன யாழ் புகையிரத சேவை அவ்விடத்தைத் தாண்டி மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர்வதற்கு 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இத்தகைய மண்ணில் நின்றுகொண்டு, "ஆண்டவரில் மகிழுங்கள்" என்று போதிப்பது தகுமா? பிள்ளையை இழந்தவளுக்கு, காலை இழந்தவனுக்கு, காணியை இழந்த குடும்பத்துக்கு மகிழ்ச்சியைப் பற்றியும் மனநிறைவைப் பற்றியும் எடுத்துரைப்பது புண்ணில் உப்பைத் தேய்ப்பது ஆகாதா? நம்மில் பலர் வாய்விட்டுக் கேளாவிடினும், ஞாயிறு திருப்பலியில் மறையுரை கேட்டுக்கொண்டிருக்கையில் உள்ளத்துக்குள் எழுப்பும் வினா இது. நேர்மையான வினா. அதைத் தட்டிக்கழிக்காது இன்று சிந்திப்போம்.

மகிழ்ச்சி எங்கே பேசப்பட்டது?

முதலில் ஓர் உண்மையைக் கவனிப்போம். திருவிவிலியத்தில் மகிழ்ச்சியைப் பற்றிய மிக ஆழமான வார்த்தைகள் விருந்து மண்டபங்களில் பேசப்பட்டவையல்ல. தமது மகிழ்ச்சி சீடருள் இருக்கவேண்டும், அவர்களது மகிழ்ச்சி நிறைவு பெறவேண்டும் என்று ஆண்டவர் இயேசு உரைத்தது, தாம் காட்டிக்கொடுக்கப்படவிருந்த இரவில் (யோவான் 15:11). அதே இரவில், அவர்கள் அழுது புலம்புவார்கள் என்பதையும் அவர் மறைக்கவில்லை. பேறுகால வேதனையுறும் பெண்ணின் உவமையைச் சொல்லி, அவர்களது துயரமே மகிழ்ச்சியாக மாறும் என்றார் (யோவான் 16:20-22). துயரம் அகற்றப்பட்டு அதன் இடத்தில் வேறொன்று வைக்கப்படும் என்று அவர் கூறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

புனித பவுல் பிலிப்பியருக்கு எழுதிய மடலோ சிறையிலிருந்து எழுதப்பட்டது. அந்நகரிலேயே அவர் முன்பு தடியடி பட்டுத் தொழுமரத்தில் மாட்டப்பட்டிருந்தார்; அந்நிலையிலும் நள்ளிரவில் சீலாவுடன் சேர்ந்து இறைவனைப் புகழ்ந்து பாடினார் (திருத்தூதர் பணிகள் 16:23-25). ஆகவே, பிலிப்பி நகர மக்களுக்கு அவர் "மகிழுங்கள்" என்று எழுதியபோது, "நீர் இன்பமாக இருந்துகொண்டு எங்களுக்குப் போதிக்கிறீர்" என்று அவர்களில் எவரும் சொல்ல இயலவில்லை. அவரது முதுகின் தழும்புகளை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

கற்றுக்கொள்ளும் ஒன்று

அம்மடலின் நான்காம் அதிகாரத்தில் பவுல் ஒரு சொல்லைக் கையாளுகிறார். எந்நிலையிலும் மனநிறைவோடு இருக்கத் தாம் கற்றுக்கொண்டதாக எழுதுகிறார் (4:11). மனநிறைவைக் குறிக்க அவர் எடுத்துக்கொண்ட கிரேக்கச் சொல், அக்காலத்து ஸ்தோயிக்க மெய்யியலாளர் பெரிதும் விரும்பியது. எவர் தயவும் தேவையின்றித் தன்னிலே தான் நிறைந்திருப்பவன் என்பது அவர்கள் கொண்ட பொருள். பவுல் அச்சொல்லை எடுத்து, அதன் பொருளை மாற்றிவிடுகிறார். தமக்கு வலுவூட்டுகிறவரின் துணையால் எதையும் செய்ய ஆற்றல் உண்டு என்று அடுத்த வரிகளிலேயே சேர்க்கிறார் (4:13). அத்துடன் நில்லாது, பிலிப்பியர் எப்பப்பிராதித்து வழியாக அனுப்பிய உதவியைப் பெற்றுக்கொண்டு நன்றியும் கூறுகிறார் (4:18). கிறிஸ்தவ மனநிறைவு உதவியை மறுக்கும் செருக்கன்று. பசியை மறைக்கும் வீம்பும் அன்று. எல்லாம் கையை விட்டுப் போனபின்னும் தன்னைக் கைவிடாத ஒருவர் உண்டு என்னும் உறுதியே அது.

"கற்றுக்கொண்டேன்" என்கிறார் பவுல். அது அவருக்கு ஒரே நாளில் வாய்த்ததன்று. எப்படிக் கற்பது என்பதை விளங்கிக்கொள்ள, ஆனையிறவு உப்பளமே நமக்கு நல்ல பள்ளிக்கூடம்.

உப்பு விளையும் விதம்

ஒரு லீற்றர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றுள் நாம் உணவிலிடும் உப்பு ஏறத்தாழ 27 கிராம். கடல்நீரேரியின் உவர் நீரை ஆழமற்ற தேக்கங்களில் நிறுத்துகிறார்கள். வெயிலும் சோழகக் காற்றும் அதனை வற்றச் செய்கின்றன. ஒரு தேக்கத்திலிருந்து மறு தேக்கத்துக்கு நீரை மாற்றி மாற்றி, அது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறுகிய பின்னரே பாத்தியில் உப்பு மணிகள் பூக்கத் தொடங்கும். இடையில் மழை பெய்தால் பல நாட்பாடு வீணாகிவிடும்.

2025ஆம் ஆண்டில் நாம் ஒரு விந்தையைக் கண்டோம். நாற்புறமும் கடல் சூழ்ந்த இந்தத் தீவு, மழையினால் உப்பு விளைச்சல் குன்றியதால், இந்தியாவிலிருந்து உப்பை இறக்குமதி செய்ய நேர்ந்தது. கடல் குறையவில்லை, உப்பு குறைந்தது. நிறைய நீர் இருப்பதால் மட்டும் உப்பு கிடைத்துவிடாது. அதனைச் சிறிது சிறிதாகத் தேக்கி, காத்திருந்து, விளைவிக்க வேண்டும்.

நம் இல்லங்களைப் பாருங்கள். போர்க்காலத்தில் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கும் ஓர் இறாத்தல் சீனிக்கும் வரிசையில் நின்ற குடும்பங்கள் நாம். இன்று பலரது வீட்டில் மாபிள் பதித்த தரையும் ஆளுக்கொரு கைத்தொலைபேசியும் உண்டு. ஆயினும், "எங்களுக்குப் போதும்" என்று சொல்பவர் எத்தனை பேர்? அயல்வீட்டார் பிள்ளை கனடா போய்விட்டான் என்பதும், உறவினர் தம் மகளின் சடங்கை மண்டபத்தில் நடத்திவிட்டார்கள் என்பதும் நம் உறக்கத்தைக் கெடுக்கின்றன. அவர்களுக்கு ஈடாக நிற்கவேண்டி நகையை ஈடு வைக்கிறோம், வட்டிக்கு வாங்குகிறோம். வன்னியில் நுண்கடன் பெற்ற பெண்கள் வாரந்தோறும் தவணை கேட்டு வருவோருக்கு அஞ்சி வாழ்ந்த கதைகளை நாம் அறிவோம். வறுமையால் வாங்கிய கடன் வேறு. ஒப்பீட்டால் வாங்கிய கடன் வேறு. முன்னதற்கு நீதியும் உதவியும் தேவை. பின்னதற்கு மருந்து மனநிறைவே.

ஆகவே சிறிய பாத்திகளை அமையுங்கள். இரவுச் செபமாலைக்குப் பின், அன்றைய நாளில் பெற்ற ஒரு நன்மையை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் பெயர் சொல்லி நன்றி கூறட்டும். புனித இஞ்ஞாசியார் தம் துறவியருக்குக் கற்பித்த ஆன்ம சோதனையும் நன்றியோடுதான் தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமையை இன்னொரு வேலைநாளாக்காது, ஆண்டவருக்கும் குடும்பத்துக்கும் உரியதாக வையுங்கள். வருமானம் எவ்வளவு சிறிதாயினும் அதில் ஒரு பங்கை நம்மிலும் இல்லாதவருக்கென ஒதுக்குங்கள். ஒரு நாளில் உப்பு விளையாது. ஒரு பருவத்தில் விளையும்.

கசப்பை வெளியேற்றுதல்

உப்பளத் தொழிலாளர் அறிந்த இன்னொரு நுட்பம் உண்டு. பாத்தியில் உப்பு படிந்தபின் எஞ்சும் நீரில் மக்னீசிய உப்புகள் மிகுந்திருக்கும், அது கடுங்கசப்பானது. அதனை முற்றாக வற்றவிட்டால் அக்கசப்பும் உப்போடு படிந்து, உப்பு முழுவதையும் கெடுத்துவிடும். ஆகவே உரிய வேளையில் மடையைத் திறந்து அந்நீரை வெளியேற்றிவிடுகிறார்கள்.

நம் இதயங்களிலும் அத்தகைய நீர் தேங்கி நிற்கிறது. இழப்பின் துயரம் பாவமன்று. இயேசுவே இலாசரின் கல்லறையருகே கண்ணீர் விட்டார் (யோவான் 11:35). 2008ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் மடு அன்னையின் திருச்சொரூபமும் தன் ஆலயத்தை விட்டுத் தேவன்பிட்டிக்கு இடம்பெயர நேர்ந்ததே! இடம்பெயர்ந்த தன் மக்களோடு அன்னையும் இடம்பெயர்ந்தாள். துயரத்தை அடக்கிக்கொண்டு சிரித்த முகம் காட்டுமாறு திருச்சபை எவரையும் கேட்பதில்லை. திருப்பாடல்களில் பெரும்பகுதி முறையீடுகளே. அழுகையும் ஆத்திரமும் கேள்விகளும் நிறைந்தவை. அவை இறைவன் முன்னிலையில் திறக்கப்பட்ட மடைகள். ஒப்புரவு அருட்சாதனமும் அத்தகைய ஒரு மடையே. உறவுகளுக்குள்ளே ஆண்டுக்கணக்காகப் பேசாதிருத்தல், காணிப் பிணக்கால் உடன்பிறந்தாரின் மரணச் சடங்குக்கும் போகாதிருத்தல் ஆகிய கசப்புகளைத் திறந்துவிடாமல் வற்றவிட்டால், நம் செபங்களும் நற்செயல்களும்கூடக் கசந்துபோகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கசப்பை விடுதல் என்பது நீதியை விடுதல் அன்று. 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்காக நீண்டது. "எங்கள் பிள்ளை எங்கே?" என்று கேட்கும் தாயிடம், "போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து" என்று சொல்வது ஆறுதலன்று, அநியாயம். இராக்கேல் தன் பிள்ளைகளுக்காக அழுதபோது ஆறுதல் பெற மறுத்தாள் என்பதை மத்தேயு நற்செய்தியாளர் குறைகூறாது பதிவுசெய்துள்ளார் (மத்தேயு 2:18). அவ்வாறே, 1990 முதல் போரினால் முடங்கிக் கிடந்து மீண்டெழுந்த ஆனையிறவு உப்பளத்தில், 2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் மேசை உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் அங்கு உழைப்போர் தம் வேலை நிலைமைகளுக்காகக் குரலெழுப்ப நேர்ந்தது. வேலையாட்களின் கூலியைப் பற்றி யாக்கோபு எழுதிய கடுமையான வார்த்தைகள் (5:4) நம் திருவிவிலியத்திலிருந்து நீக்கப்படவில்லை. தனக்குப் போதும் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. பிறரிடம், "உனக்கு இது போதும்" என்று சொல்ல நமக்கு எவரும் உரிமை தரவில்லை.

உப்பு தனக்காக அல்ல

மகிழ்ச்சியைத் தனியொரு நற்பண்பாகப் புனித தோமா அக்குவினார் கருதவில்லை. அதனை அன்பின் விளைவு என்கிறார். மகிழ்ச்சியை மட்டும் தேடிப் போகிறவன் அதனைக் காணாது திரும்புவதன் காரணம் இதுவே. அன்பு செய்கிறவனிடம் அது கேளாமலே வந்து சேர்கிறது. நம்மை மண்ணுலகின் உப்பு என ஆண்டவர் அழைத்ததன் பொருளும் இதுவே (மத்தேயு 5:13). உப்பை எவரும் தனியே உண்பதில்லை. அது கறியில் கரைந்து, தன்னை மறைத்துக்கொண்டு, கறிக்குச் சுவை தருகிறது.

1687ஆம் ஆண்டு கோவாவிலிருந்து ஏழையின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்திறங்கிய புனித யோசேப் வாஸ் அடிகளார் அவ்வாறு கரைந்த ஒருவர். ஒல்லாந்தரின் தடையால் குருக்களின்றி வாடிய நம் முன்னோரை அவர் மறைவாகத் தேடிச் சென்று அருட்சாதனங்களை வழங்கினார். கண்டியில் ஒற்றன் என ஐயுற்றுச் சிறையிட்டார்கள். அதே கண்டியில் 1697ஆம் ஆண்டு பெரியம்மை பரவி, நோயாளிகளை உற்றாரே கைவிட்டபோது, அவர்களைப் பேணியவர் அவரே. 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் திகதி திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்து, அன்று பிற்பகலே மடுத்திருப்பதிக்கு வந்து, போரின் இரு தரப்பிலும் பிள்ளைகளை இழந்த குடும்பங்களோடு செபித்ததை நம்மில் பலர் நேரில் கண்டோம்.

வயது முதிர்ந்த வாசகர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். 1969ஆம் ஆண்டின் திருவழிபாட்டுச் சீர்திருத்தத்துக்கு முன்னர், திருமுழுக்கின்போது குழந்தையின் நாவில் ஞானத்தின் அடையாளமாகச் சிறிது உப்பை வைப்பார்கள். குழந்தை முகத்தைச் சுளிக்கும். சில வேளை வீரிட்டு அழும். ஆயினும் அச்சுவையோடுதான் அது இறைமக்கள் குடும்பத்தில் நுழைந்தது. விசுவாச வாழ்வு இனிப்பை மட்டும் வாக்களிக்கவில்லை. அது வாழ்வுக்குச் சுவையை வாக்களிக்கிறது.

அடுத்த முறை நீங்கள் ஆனையிறவைக் கடக்கும்போது, வாகனத்தின் யன்னலூடாக அவ்வெண்ணிறப் பாத்திகளைச் சற்று நோக்குங்கள். அவ்விடத்தில் மாண்ட அனைவருக்காகவும், எத்தரப்பினராயினும், ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள். வெயிலில் நின்று உப்பை வாருவோருக்காகவும் மன்றாடுங்கள். அத்தனை இரத்தமும் கண்ணீரும் விழுந்த நிலத்தில் இன்றும் உப்பு விளைகிறது; அவ்வுப்பு நம் பானைகளுக்கு வந்து சேர்கிறது. நம் துயரத்திலிருந்தும் ஆண்டவர் அவ்வாறே ஒன்றை விளைவிக்க வல்லவர்.

உள்ளத்தில் உப்பு உடையவர்களாய், ஒருவரோடொருவர் சமாதானமாய் வாழ ஆண்டவர் நம்மைப் பணித்துள்ளார் (மாற்கு 9:50). அவ்வருளை மடு அன்னையின் பரிந்துரையால் உங்கள் ஒவ்வொரு குடும்பமும் பெற்றுக்கொள்வதாக. ஆமென்.