பங்காளி யாருக்கு?

கடந்த மாதம் நமது தோட்டங்களை நடத்தும் கம்பனியிடமிருந்து சங்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது. மனிதவளப் பிரிவு இனி 'மூலோபாய வணிகப் பங்காளி'யாக மாற்றியமைக்கப்படுகிறதாம். இரண்டு தடவை வாசித்தோம். நமக்கு விளங்கிய விடயம் கடைசிப் பந்தியில்தான் இருந்தது: புதன்கிழமைகளில் தோட்ட ஆபிசில் முறைப்பாடு கேட்பது நிறுத்தப்படும், இனி எல்லாம் படிவத்தில் எழுதிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும்.

லயத்தில் பங்காளி என்றால் பங்குக்கு வழக்குப் பேசுகிற சொந்தக்காரன். கம்பனியின் பங்காளி யாருடைய பங்குக்கு வழக்குப் பேசுவார் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை.

சென்ற ஆண்டு ஓய்வுபெற்ற ஒரு கொழுந்து பறிக்கும் அம்மாவின் கதையைப் பாருங்கள். 31 வருட சேவை. வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்ற கணக்கில் 434 நாள் சம்பளம் சேவைக்காலப் பணமாக அவருக்குச் சேர வேண்டும். வேலையை விட்டு 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று 1983ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. ஏழு மாதம் ஆபிஸ் வாசலில் நின்றார். கிளாக்கர் ஐயா, "பைல் கொழும்புக்குப் போய்விட்டது" என்றார். கொழும்புக்குத் தலைவர் போன் எடுத்தால், "தோட்டத்திலிருந்து இன்னும் வரவில்லை" என்றார்கள். தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்த பிறகே காசு வந்தது. புதன்கிழமை இருந்த காலத்திலேயே இந்த நிலைமை! அதுவும் இல்லையென்றால், தமிழில்கூட இல்லாத படிவத்தை அந்த அம்மா யாரிடம் கொடுத்து நிரப்புவார்?

இந்தப் 'பங்காளி' யோசனை கம்பனியின் சொந்தச் சரக்கும் அல்ல. 1997இல் டேவ் உல்ரிச் என்ற அமெரிக்கப் பேராசிரியர் தனது நூலில், மனிதவளப் பிரிவுக்கு நான்கு வேலைகள் என்று சொன்னார். மூலோபாயப் பங்காளியாக இருப்பது அதில் ஒன்று. நிர்வாக வேலையைச் செம்மையாகச் செய்வது இன்னொன்று. மாற்றங்களை நடத்திக் கொடுப்பது மற்றொன்று. ஊழியர்களின் குரலாக நிற்பதும் அந்த நான்கில் அடங்கும். நமது கம்பனி முதலாவதைத் தூக்கிப் பலகையில் எழுதிவிட்டது. ஊழியர் குரலைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. வாத்தியார் சொன்ன பாடத்திலும் தமக்கு வேண்டியதை மட்டும் கிள்ளி எடுக்கத் துரைமாருக்குத் தெரிகிறது. கொழுந்தை மட்டும் நாம் அப்படிக் கிள்ளினால் பேர் வெட்டுவார்கள்.

2021இல் சம்பளச் சபை நாட்சம்பளத்தை 1000 ரூபாவாக நிர்ணயித்தபோது கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அன்றிலிருந்து சம்பளம் வர்த்தமானியில் வருகிறது. எத்தனை கிலோ எடுத்தால் முழுப்பேர் என்பது துரையின் வாயிலிருந்து வருகிறது. பேசித் தீர்க்க இருந்த மேசையை எடுத்துவிட்டார்கள். இப்போது முறைப்பாடு சொல்ல இருந்த நாற்காலியையும் எடுக்கிறார்கள்.

ஆபிசுக்குக் கம்ப்யூட்டர் வருவதை நாம் எதிர்க்கவில்லை. சேமலாப நிதிக் கணக்குப் பிழையில்லாமல் போகுமென்றால் நல்லதே. ஆனால் அதற்காகப் புதன்கிழமையை விட்டுக்கொடுக்க முடியாது.

பதில் கடிதத்தில் நாம் கேட்டிருப்பவை: முறைப்பாட்டு நாள் தோட்டத்திலேயே தொடர வேண்டும். கொடுக்கும் ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் தமிழில் எழுத்து மூலப் பற்றுச்சீட்டு வேண்டும். நிலுவையிலுள்ள சேவைக்காலப் பணப் பட்டியலைச் சங்கத்திடம் தர வேண்டும். ஒரு தொழிலிடத்தில் 40 சதவீதத்துக்குக் குறையாத தொழிலாளரை அங்கத்தவராகக் கொண்ட சங்கத்துடன் பேச மறுப்பது கைத்தொழில் பிணக்குச் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவூட்டியிருக்கிறோம்.

பதில் வரும்வரை புதன்கிழமை தோறும் கொழுந்து நிறுத்த பிறகு வழமைபோல் ஆபிஸ் வாசலுக்கு வாருங்கள். சேவைக்காலப் பணம் கிடைக்காதவர்கள் அடையாள அட்டைப் பிரதியையும் சம்பளச் சீட்டையும் தோட்டத் தலைவரிடமோ மாதர் தலைவியிடமோ கொடுத்து வையுங்கள்.