திறப்பை வாங்கும் நண்பன்

வள்ளுவர் கள்ளுண்ணாமையை எவ்விடத்தில் வைத்தார் என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. புலால் மறுத்தலை அறத்துப்பாலிற் கூறிய அவர், கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில் 93ஆம் அதிகாரமாக அமைத்தார். பரிமேலழகரோ அதனை நட்பின் பகுதியுள் அடக்கி உரை கண்டார். குடி என்பது குடிப்பவனது தனியொழுக்கத்தோடு முடிவதன்று. அரசுக்கும் நண்பருக்கும் உரிய விவகாரமுமாம் என்று இதனாற் கொள்ளலாம். மதுபோதையில் வாகனம் ஓட்டுதல் பற்றி எழும் வாதங்களைக் கேட்குந்தோறும் எமக்கு இவ்வைப்புமுறையே நினைவுக்கு வருகின்றது.

அரசு தன் பங்கைச் செய்யாமலில்லை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மதுவையும் போதைப்பொருளையும் ஒருங்கே விலக்கிற்று. 100 மில்லிலீற்றர் குருதியில் 80 மில்லிகிராம் மதுசாரம் என்பது நம் நாட்டு எல்லை. பாக்குநீரிணைக்கு அப்பால், இந்தியாவில், அது 30 மட்டுமே. நம்முடையது தாராளமான எல்லை என்பதில் ஐயமில்லை. 2016ஆம் ஆண்டின் இறுதியில் இக்குற்றம் உள்ளிட்ட சிலவற்றுக்குக் குறைந்தது 25,000 ரூபா தண்டம் என அரசு அறிவித்தபோது, தனியார் பேருந்து உரிமையாளர் வேலைநிறுத்தஞ் செய்து எதிர்த்தனர். ஆயினும் அண்மை ஆண்டுகளில் நாட்டின் வீதிகளில் மாள்வோர் தொகை ஆண்டுக்கு 2,000ஐத் தாண்டியே நிற்கின்றது. இவர்களனைவரும் குடியால் மாண்டவரல்லர். எனினும் குடியின் பங்கு சிறிதன்று.

தண்டத்தின் பருமன் மட்டும் போதாது என்பதற்குப் பிரித்தானியா சான்று. அந்நாடு 1967இல் இதே 80 மில்லிகிராம் எல்லையை விதித்து, மூச்சைச் சோதிக்கும் கருவியையும் பொலிசார் கையிற் கொடுத்தது. முதலாண்டிலேயே வீதிச் சாவுகள் ஆயிரத்துக்கு மேற் குறைந்தன. பின்னர், அகப்படுவோர் சிலரே என்பதை மக்கள் உணர்ந்ததும் அப்பயன் தளர்ந்தது. அகப்படுவோம் என்ற உறுதியே மனிதனைத் தடுக்கின்றது. நம் குடாநாட்டிலோ, பலூன் ஊதவைக்கும் பொலிசார் எந்தச் சந்தியில் நிற்கின்றனர் என்ற செய்தி கைப்பேசி வழியாக அவர்களுக்கு முன்னே ஓடிவிடுகின்றது! அன்றியும், அக்கருவி மதுவையன்றிக் கஞ்சாவையோ ஹெரோயினையோ காட்டாது. அவற்றுக்கு உமிழ்நீரோ சிறுநீரோ குருதியோ சோதிக்கப்படல் வேண்டும்.

முன்னாளிற் குடித்தவன் கால்நடையாக வீடு சென்றான். விழுந்தால் வேலியோரம் விழுந்தான். வண்டியிற் சென்றவனுக்கோ மாடு வழியறியும். காந்தியடிகள் 1927இல் யாழ்ப்பாணம் வந்து மதுவிலக்கை வற்புறுத்திய காலத்திற் குடியின் கேடு பெரும்பாலும் குடிப்பவன் குடும்பத்தையே தாக்கிற்று. இன்று போருக்குப்பின் செப்பனிடப்பெற்ற பலாலி வீதியிலும் காங்கேசன்துறை வீதியிலும் மோட்டார் சைக்கிள் பறக்கின்றது. அதற்கு மாட்டின் அறிவு இல்லை. எதிரே சைக்கிளில் வரும் தோட்டக்காரன் ஒரு துளியும் அருந்தியவனல்லன்.

மணவீட்டிற் பந்தலுக்குள் மது இல்லை, பின்வளவில் உண்டு. வெளிநாட்டு உறவினர் வந்த வீட்டிற் சொல்லவே வேண்டா. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் குடித்தபின் காரைத் தொட அஞ்சும் நம்மவர், ஊருக்கு வந்ததும் அவ்வச்சத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிடுகின்றனர். தேசிக்காய்த் தண்ணீர் குடித்தால், தலையில் நீர் வார்த்தால், வெறி இறங்கும் என்பர். இறங்காது. ஈரல் ஒரு மணிநேரத்திற் குருதியினின்று நீக்குவது ஏறக்குறைய 15 மில்லிகிராமே. எல்லையளவு குடித்தவனுக்கு அது முழுதும் நீங்க ஐந்து மணிநேரத்துக்கு மேலாகும். நள்ளிரவு வரை குடித்தவன் விடியற்காலையிலும் தெளிந்தவனல்லன்.

பொலிசார் வீதியிற் காண்பதற்கு முன், ஊற்றிக் கொடுத்தவன் காண்கின்றான். திறப்பு எந்தச் சட்டைப்பையில் இருக்கின்றதென்பதும் அவனுக்குத் தெரியும். அதனைக் கேட்டு வாங்குதல் மரியாதைக் குறைவென அவன் கருதுகின்றான். மறுநாள் மரணவீட்டில் முன்வரிசையில் இருப்பது மரியாதையெனக் கருதுகின்றான். பந்தலுக்கும் மேளத்துக்கும் வீடியோவுக்கும் இலட்சக்கணக்கிற் செலவிடும் வீட்டார், விருந்தினரைக் கொண்டுபோய் விட ஒரு வான் பிடிப்பதில்லை.

இருள் பட்டபின் உட்கிராமங்களுக்குப் பேருந்து அரிது என்பது உண்மையே. கோண்டாவிற் சாலையிலிருந்து சனி இரவுகளிலேனும் பருத்தித்துறைக்கும் காரைநகருக்கும் காங்கேசன்துறைக்கும் ஒவ்வொரு பேருந்து பதினொரு மணிக்குப் புறப்படுமாயின், திறப்பை வாங்கிய நண்பன் அவனை ஏற்றிவிட ஓரிடம் இருக்கும்.