வளையல் கையிலேயே இருக்கட்டும்!

தையல் மிஷினுக்கு உதிரி பாகம் வாங்குவதைப் பற்றிச் சென்ற வாரம் பேசினோம். இந்த வாரம் துப்பாக்கி! என்ன சகோதரிகளே, மூக்கின்மேல் விரலை வைத்துவிட்டீர்களா? பயப்பட வேண்டாம். உங்களை அடுப்பங்கரையிலிருந்து நேரே போர்க்களத்துக்கு அழைத்துப் போகும் உத்தேசம் எனக்கு இல்லை. கேள்வி கேட்டிருப்பவர் ஒரு தாயார். விஷயமும் வீட்டுச் செலவு சம்பந்தப்பட்டதுதான்.

புதுச்சேரி கோரிமேட்டிலிருந்து அந்தச் சகோதரி எழுதுகிறார். அவருடைய மகளுக்கு வயது பதினெட்டு. கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்து ‘பாயிண்ட் டூ டூ’ துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொண்டாள். கை நிதானமாக இருக்கிறது என்று சொன்னதன்பேரில், இப்போது ஒரு சங்கத்தில் சேர்ந்து அவர்களுடைய துப்பாக்கியிலேயே பழகி வருகிறாள். கூடச் சுடும் பெண்கள் அலுமினியக் கட்டை, புது விசை, புதுக் குறி என்று வெளிநாட்டுச் சாமான்களாக மாட்டியிருக்கிறார்களாம். “எனக்கும் வேண்டும், அம்மா” என்று மகள் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருப்பதுதான் தாயாருக்குத் தாங்கவில்லை. “இரண்டு ஜோடி வளையல் இருக்கிறது. ஒரு ஜோடியை அடகு வைத்து அவளுக்கு ஏதாவது வாங்கித் தரலாமா?” என்று கேட்கிறார்.

சகோதரி, வளையலைக் கழற்றாதீர்கள். உங்கள் பெண்ணுக்கு இப்போது வேண்டியதில் முக்கால்வாசிக்கு அவ்வளவு பணம் ஆகாது. ஏன் என்று சொல்கிறேன்.

இந்தத் துப்பாக்கியைப் பற்றி மற்ற வாசகிகளுக்காக இரண்டு வார்த்தை. .22 என்பது குழலின் அளவு. அங்குலத்தில் நூற்றுக்கு 22 பங்கு, அதாவது சுமார் 5.6 மில்லி மீட்டர். டப்பா மூடிக்கு இருப்பதுபோல இதன் தோட்டாவுக்கு அடியில் ஒரு விளிம்பு உண்டு. தீப்பற்றும் மருந்து அந்த விளிம்புக்குள்ளேயே சுற்றிலும் இருக்கிறது. துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பைத் தட்டினால் போதும். ஆங்கிலத்தில் இதற்கு ‘ரிம்ஃபயர்’ என்று பெயர். புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு செய்தி: இந்த யோசனை ஒரு பிரெஞ்சுக்காரருடையது. ஃப்ளோபேர் என்பவர் 1845-ல் இதைக் கொண்டுவந்தார். பெரிய மனிதர்கள் வீட்டுக் கூடத்திலேயே குறிபார்த்து விளையாட அவருடைய சிறு துப்பாக்கிகள் உபயோகமாயின. இன்று போட்டிகளில் சுடும் ‘லாங் ரைபிள்’ தோட்டா 1887-ல் வந்தது.

குறைந்த செலவில் துப்பாக்கியை மாற்றி அமைப்பதும் புதிதல்ல. பெரிய தோட்டாவைச் சுட்டுப் பயிற்சி கொடுத்தால் கட்டுப்படியாகாது என்று பிரிட்டிஷ் ராணுவம் கணக்குப் பார்த்தது. இருந்த லீ-என்ஃபீல்டு ரைபிள்களையே .22 ஆக மாற்றியது. பழைய பட்டுப்புடவையைக் குழந்தைக்குப் பாவாடையாகத் தைத்துவிடுகிறோமே, அந்த மாதிரி! நம் நாட்டில் என்.சி.சி. 1948-லும் அதன் பெண்கள் பிரிவு 1949-லும் தொடங்கின. அப்படி மாற்றிய துப்பாக்கிகளில் எத்தனையோ மாணவர்கள் முதல் குண்டைச் சுட்டிருக்கிறார்கள்.

ஆனால் அந்த வேலையைச் செய்தது ஆயுதத் தொழிற்சாலை. தெருமுனை லேத் பட்டறை அல்ல. இதை நன்றாக மனத்தில் வையுங்கள். துப்பாக்கியில் தொடக்கூடிய பாகம், தொடக்கூடாத பாகம் என்று இரண்டு உண்டு. குழல், ஊசி, விசை மூன்றும் தொடக்கூடாதவை. விசை லேசாக இருக்கட்டும் என்று யாராவது அதை அரத்தால் ராவிக் கொடுத்தால், விரல் படாமலே துப்பாக்கி வெடிக்கும் அபாயம் உண்டு. .22 தானே, சின்னதுதானே என்று நினைக்க வேண்டாம். அந்தக் குண்டு ஒன்றரைக் கிலோ மீட்டருக்கு மேல் போகக்கூடியது. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாதவர் துப்பாக்கி செய்வதும் பழுது பார்ப்பதும் குழலைக் குறுக்குவதும் குற்றம். கோரிமேட்டுப் போலீஸ் மைதானத்தில் சிவப்புத் தொப்பி அணிந்த காவலர்கள் அணிவகுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களே தங்கள் துப்பாக்கியை இஷ்டப்படி பிரித்து மாற்றிவிட முடியாது.

தொடக்கூடிய பாகம் எது? உங்கள் பெண்ணின் உடம்பைத் தொடுகிற பாகம்தான். உயர்ந்த பட்டில் ரவிக்கை தைத்தாலும் அளவு தப்பினால் கையைத் தூக்க முடிகிறதா? சாதாரணப் பருத்தியானாலும் அளவெடுத்துத் தைத்தால் உடம்பில் இருப்பதே தெரிவதில்லை. துப்பாக்கியும் அப்படித்தான்.

முதலில் கட்டையின் நீளம். சங்கத்துத் துப்பாக்கி பெரும்பாலும் உயரமான ஆள் யாருக்காவது சரிசெய்து வைத்ததாக இருக்கும். நீளம் ஜாஸ்தியானால் பெண் பின்பக்கம் சாய்ந்து கழுத்தை நீட்டுவாள். கட்டையின் கோடியில் தோளில் பதியும் தகட்டை முன்னும் பின்னும் நகர்த்தத் திருகாணி இருக்கும். பழைய மரக்கட்டையானால் நடுவே உள்ள மரவில்லைகளைக் கூட்டிக் குறைக்கலாம்.

இரண்டாவது, கன்னம் படுகிற இடம். ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காலித் துப்பாக்கியோடு இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். கண்ணை மூடிக் கன்னத்தைச் சாய்க்க வேண்டும். பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். குறியின் துவாரம் நேரே தெரிந்தால் உயரம் சரி. தலையைத் தூக்கித் தேட வேண்டியிருந்தால் கன்னக்கட்டையை உயர்த்த வேண்டும். கழற்றி மாட்டும் தோல் பட்டையே பல சமயம் இதற்குப் போதும். ஆனால் போட்டி விதி அதை ஒப்புக்கொள்கிறதா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, தோல் வார். படுத்தும் மண்டியிட்டும் சுடும்போது துப்பாக்கியின் பாரத்தை இந்த வார்தான் தாங்குகிறது. நின்று சுடும்போது மட்டும் இதற்கு அனுமதி இல்லை.

நான்காவது, குறி. இந்தப் போட்டிகளில் தொலைநோக்கிக்கு இடமில்லை. பின்னால் ஒரு சிறு துவாரம், முன்னால் ஒரு வளையம், அவ்வளவுதான். முழுக் குறியையும் மாற்றுவதற்கு முன்னால் அந்த வளையத்தின் அளவை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வளையம் மிகச் சிறியதாக இருந்தால் கண் சீக்கிரம் களைத்துவிடும்.

ஐந்தாவது, சுடும்போது அணியும் கெட்டித் துணிச் சட்டை. இது அவளுக்கென்று சொந்தமாக இருக்கவேண்டிய சாமான். போட்டியை விட்டுப் போகும் அக்காமார்களிடம் பழைய சட்டையை வாங்கித் தையற்காரரிடம் கொடுத்துப் பிடித்துக்கொள்ளலாம். விதிப்படி துணி ஒற்றையாக 2.5 மில்லி மீட்டருக்கு மேல் தடித்திருக்கக் கூடாது. ஆகவே, மேலே துணி வைத்துத் தைக்கும்போது ஜாக்கிரதை!

மிச்சப் பணம் தோட்டாவுக்குப் போகட்டும். ஒவ்வொரு குழலுக்கும் ஒரு தோட்டா பிடிக்கும். ஒரே கம்பெனியில்கூட ஒரு தயாரிப்பு ஒத்துப்போகும், அடுத்தது ஒத்துக்கொள்ளாது. சங்கத்தின் மூலமாக இரண்டு மூன்று வகையில் கொஞ்சம் கொஞ்சம் சுட்டுப் பார்த்து, எதில் ஓட்டைகள் நெருங்கி விழுகின்றனவோ அதையே தொடர்வது நல்லது.

இவ்வளவையும்விட மலிவான ‘உதிரி பாகம்’ ஒன்று உண்டு. ஒரு நோட்டுப் புத்தகம்! சங்கத்துத் துப்பாக்கியைப் பலர் எடுப்பார்கள். அளவுகள் மாறிக்கொண்டே இருக்கும். தகடு எத்தனையாவது கோட்டில், கன்னக்கட்டை எந்த உயரத்தில், வார் எத்தனையாவது துவாரத்தில் என்று அவள் குறித்து வைத்துக்கொண்டால், ஒவ்வொரு நாளும் ஐந்து நிமிஷத்தில் அது ‘அவள் துப்பாக்கி’ ஆகிவிடும்.

50 மீட்டர் பந்தயத்தில் பத்துப் புள்ளி தரும் வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லி மீட்டர். வாசலில் நின்றுகொண்டு, ஏழெட்டு வீடு தள்ளி வைத்த கொண்டைக்கடலையை அடிப்பதற்குச் சமானம்! அந்தப் பந்தயத்தில் கோலாப்பூர்ப் பெண் தேஜஸ்வினி சாவந்த் 2010-ல் மியூனிக்கில் படுத்துச் சுட்டு உலக சாம்பியன் ஆனார். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்த ஸ்வப்னில் குசாலே 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்ஸில் வெண்கலம் வாங்கினார். பஞ்சாபின் சிஃப்த் கௌர் சாம்ரா மருத்துவப் படிப்பையே விட்டுவிட்டு 2023-ல் ஹாங்சௌ ஆசியப் போட்டியில் உலக சாதனையோடு தங்கம் வென்றார். (ஜிப்மர் வாசலில் குடியிருக்கும் தாய்மார்கள் என்னைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்!) உங்களுக்குப் பக்கத்திலேயே கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், காற்றுத் துப்பாக்கியில் 2019-ல் உலகக் கோப்பைத் தங்கம் வாங்கியிருக்கிறார்.

இன்னொன்று. சாதாரணமாகத் துப்பாக்கி உரிமம் பெற 21 வயது நிரம்ப வேண்டும். அதற்குக் குறைந்தவர்கள் விதிகளுக்கு உட்பட்டுப் பயிற்சியில் சுடலாம். ஆக, உங்கள் பெண்ணுக்கு மூன்று வருஷ அவகாசம் இருக்கிறது. நல்ல போட்டித் துப்பாக்கி லட்சக்கணக்கில் விலை. அவசரத்தில் வாங்கும் சாமான் அல்ல. அடகுக் கடைக்குக் கொடுக்க நினைத்த வட்டிப் பணத்தை மாதாமாதம் தபாலாபீஸில் அவள் பேரில் போட்டு வாருங்கள். ஒருநாள் அவளோடு போய், அவள் சுடுவதைப் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். கேட்காமல் இருக்கிற பெண்ணுக்கு, அம்மா தன் ஆட்டத்தைப் பார்க்க வந்தாள் என்பது எந்த அலுமினியக் கட்டையையும்விடப் பெரிய பலம்.