ஊரே ரசிக்கும் நிகழ்ச்சி எனக்குப் பிடிக்கவில்லை!

கேள்வி: முப்பது வருடமாக ரேடியோ இல்லாமல் எனக்குப் பொழுது போகாது. ஆனால் ஊரே காத்திருந்து கேட்கும் மாலைப் பண்ணை நிகழ்ச்சி மட்டும் பிடிப்பதில்லை. மாமனும் மச்சானும் பேசுவதுபோல வெகுநேரம் பேசிவிட்டு, கடைசியில்தான் விஷயத்துக்கு வருகிறார்கள். அதுவும் பெரும்பாலும் இறவைப் பயிருக்கு. எனக்கோ மானாவாரிக் கடலை. பக்கத்து வயல்காரர் அதைக் கேட்டு, 45ஆம் நாள் காய்ந்த மண்ணில் ஜிப்சம் போட்டுவிட்டார். அணைத்தால் வீட்டில், ‘உனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு’ என்கிறார்கள். நான் செய்வது தவறா?

– வாசகர், துறையூர் வட்டாரம்

பதில்: பிடிக்காததை அணைப்பதில் தவறில்லை, ஐயா. ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு குறைகள் இருக்கின்றன. தனித்தனியாகப் பார்ப்போம்.

முதல் குறை, பேசும் விதம். பத்திரிகையில் புரியாத வரியைத் திரும்பப் படிக்கலாம், வானொலியில் முடியாது. பால் கறந்துகொண்டே கேட்பவர் காதில் தங்க வேண்டுமென்றால், ஒரே செய்தியைக் கேள்வியாக, பதிலாக, கேலியாக மூன்று முறை சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் பி.பி.சி. 1951 முதல் ‘தி ஆர்ச்சர்ஸ்’ என்ற கிராமத்து நாடகத்தை நாடு முழுக்க ஒலிபரப்பி வருகிறது. போருக்குப் பின் உணவுப் பங்கீடு நீடித்த காலத்தில், விளைச்சலைக் கூட்டும் யோசனைகளைக் குடும்பக் கதைக்குள் வைத்துச் சொல்லத் தொடங்கியது அது. அதன் இசை கேட்டதும் ரேடியோவை அணைக்கும் வானொலிப் பிரியர்கள் அங்கேயும் உண்டு. நம் பக்கத்தில் 1960களில் ஆடுதுறை 27 ரகம் திருச்சி வானொலி வழியே தஞ்சை விவசாயிகளிடம் பரவி, ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வாங்கியது. ஆகவே விதம் பிடிக்காதது உங்கள் ருசி. அதில் கர்வம் ஒன்றுமில்லை. வீட்டாரைக் கேட்க விடுங்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது குறை நியாயமானது. ஒரு நிலையத்தின் ஒலி பல மாவட்டங்களுக்குப் போகிறது. ஆற்றுப் பாசனமும் வானம் பார்த்த பூமியும் அதற்குள் அடக்கம். ஜிப்சத்தையே பாருங்கள். ஏக்கருக்கு 160 கிலோ. இறவைக் கடலைக்கு 40 முதல் 45ஆம் நாளுக்குள் இட்டு மண் அணைக்கச் சொல்கிறோம். மானாவாரிக்கு மண்ணின் ஈரத்தைப் பொறுத்து 40 முதல் 75ஆம் நாளுக்குள். காரணம், பருப்பு திரளத் தேவையான சுண்ணாம்புச் சத்தை மண்ணுக்குள் இறங்கிய விழுதும் இளங்காயும் நேரடியாக எடுத்துக்கொள்கின்றன. ஈரம் இல்லாவிட்டால் ஜிப்சம் கரையாது, காய் பொக்காகும். வானொலி சொன்ன நாள் இறவைக்குச் சரி. பக்கத்து வயலுக்கு அது பொருந்தவில்லை.

இங்கேதான் உங்களிடம் ஒரு கேள்வி. இது உங்களுக்குத் தெரிந்திருந்தது, அவரிடம் சொன்னீர்களா? ரேடியோவை அணைத்தால் உங்கள் எரிச்சல் தீரும், அவர் கடலைக்கு அதனால் பயனில்லை. அடுத்த மழை 75 நாளுக்குள் பெய்தால், உடனே மண் அணைக்கச் சொல்லுங்கள். போட்டது முழுக்க வீணாகாது.

அடுத்து, ஓர் அஞ்சலட்டை எடுத்து நிலையத்துக்கு எழுதுங்கள். ‘நிகழ்ச்சி பிடிக்கவில்லை’ என்று மட்டும் எழுதினால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. மண் வகை, பயிர், பட்டம், எந்த யோசனை ஏன் பொருந்தவில்லை என்று எழுதுங்கள். ‘நாள் சொல்லும்போது இறவைக்கா, மானாவாரிக்கா என்று சேர்த்துச் சொல்லுங்கள்’ எனக் கேளுங்கள். பாராட்டுக் கடிதங்கள் மட்டும் போனால், மானாவாரிக்காரர் கேட்கிறார் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

மற்ற வாசகர்களும் கவனியுங்கள். வானொலியில் கேட்ட யோசனையை வயலில் செய்யுமுன், உங்கள் வட்டார வேளாண்மை அலுவலகத்திலோ, 1800-180-1551 கிசான் அழைப்பு மையத்திலோ பயிரின் வயதையும் மண் ஈரத்தையும் சொல்லி ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அழைப்புக்குக் கட்டணம் இல்லை.