மாவுக்கட்டை மருந்தென்று விற்காதீர்கள்

குற்றம் செய்தவன் தானாக மனம் மாறினால்தான் உண்டு. மாற விரும்பாதவனோடு உட்கார்ந்து பேசச் சம்பளம் கொடுத்து ஆள் வைப்பது வரிப்பணத்துக்குக் கேடு. அவனுக்குப் புரிவது பயம் ஒன்றுதான். ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரி ஒருவர் அண்மையில் எழுதிய நீண்ட கட்டுரையின் சாரம் இது. நன்னடத்தை அலுவலர் பணியிடங்களைக் குறைத்துவிட்டு அந்தப் பணத்தில் கண்காணிப்பை இறுக்கச் சொல்கிறார். பள்ளிக்கூடத்தில் அடங்காத பிள்ளைகளைச் சிறைக்குள் கூட்டிப்போய்க் கைதிகளைக் காட்டச் சொல்கிறார். கைதானவர்கள் கையிலும் காலிலும் மாவுக்கட்டோடு நிற்கும் படங்கள் எந்த ஆலோசனையையும் விட அதிகம் சாதிக்கின்றன என்கிறார்.

படித்தவர்கள் பலர் இதைத் துணிச்சலான பேச்சு என்று பாராட்டுகிறார்கள். கையில் விலங்கோடு நிற்பவனை அடிக்கலாம் என்று சொல்வதில் என்ன துணிச்சல் இருக்கிறது? கட்டுரையின் ஒவ்வொரு முடிவும் தவறு. சில முடிவுகள் ஆபத்தானவை. அவை பாதிக்கப்போவது அவர் வீட்டுப் பிள்ளைகளை அல்ல என்பதால் பேசாமல் இருந்துவிடவும் முடியாது.

அவர் பெரிதாகப் பேசும் அந்த விருப்பத்தை முதலில் பார்ப்போம். நன்னடத்தை அலுவலர் முன்னால் வந்து உட்காரும் எவரும் விரும்பி வந்தவர் இல்லை. நீதிமன்றம் போகச் சொன்னது, வந்தார். இளைஞர் நீதிக் குழுமம் உத்தரவு போட்டது, பையனின் கையைப் பிடித்து அம்மா இழுத்து வந்தார். குழந்தையை ஒழுங்காகக் கவனிக்கவில்லை என்று குழந்தைகள் நலக் குழு கூப்பிட்டது, தகப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்து நின்றார். இந்த வேலை தொடங்குவதே அங்கேதான். வந்தவனுக்கு வர விருப்பமில்லை என்று கண்டுபிடித்துச் சொல்ல நீண்ட காவல் அனுபவம் தேவையில்லை. நாற்காலியில் அவன் உட்காரும் விதமே சொல்லிவிடும். அப்படி வந்தவனோடு அடுத்த ஆறு மாதம் என்ன பேசப்படுகிறது, எப்படிப் பேசப்படுகிறது என்பதுதான் பேச வேண்டிய விஷயம். அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

விருப்பம் என்பது ஒருவன் பிறக்கும்போதே கொண்டுவந்த குணம் போல அவர் எழுதுகிறார். குடிநோய்க்குச் சிகிச்சை தரும் எந்த இடத்திலும் போய் அரை நாள் உட்கார்ந்து பார்க்கட்டும். மனைவி அழுது, மச்சான் மிரட்டி, முதலாளி இதுதான் கடைசி வாய்ப்பு என்று சொல்லி, அதன் பிறகு வந்தவர்களே அங்கே நிறைந்திருப்பார்கள். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையின் மருத்துவமனையில் நோயாளியோடு குடும்பத்தையும் உட்காரவைத்துப் பயிற்சி தருகிறார்கள். காரணம் எளிது. விருப்பம் பல நேரம் வீட்டு வாசலில் இருப்பதில்லை, சிகிச்சையின் நடுவில்தான் உண்டாகிறது.

அது எப்படி உண்டாகிறது, எப்படிக் கெடுகிறது என்பதைப் பற்றியும் ஆய்வு இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1993-இல் தன் சகாக்களோடு வெளியிட்ட ஆய்வில், குடிப்பவர்களோடு ஆலோசகர்கள் பேசிய விதத்தைக் கவனித்து அளந்தார். ஆலோசகர் எந்த அளவுக்கு முகத்துக்கு நேராக மடக்கி, குற்றஞ்சாட்டி, வாதாடினாரோ அந்த அளவுக்கு எதிரே இருந்தவர் ஓராண்டு கழித்து அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்தார். நம் கட்டுரையாளர் முரட்டுப் பிடிவாதம் என்று சொல்வதில் ஒரு பங்கு, எதிரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி உண்டாக்கியது.

இந்த வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதை அவர் தெரிந்துகொள்ளவே இல்லை என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். பைக் திருடிப் பிடிபட்ட பதினேழு வயதுப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். நல்ல அலுவலர் அவனிடம் முதலில் சொல்ல வேண்டியது தன்னைப் பற்றி. நான் உன் நண்பன் இல்லை, குழுமத்துக்கு அறிக்கை கொடுப்பவன். நீ சொல்வதில் இதை எழுதுவேன், இதை எழுத மாட்டேன். வராமல் போனால் இன்னது நடக்கும். இன்னின்ன விஷயத்தை நீ முடிவு செய்யலாம், இன்னின்னதை நீயும் மாற்ற முடியாது, நானும் மாற்ற முடியாது. இதை மறைத்து அண்ணன் மாதிரி நினைத்துக்கொள் என்று பேசி, பையன் நம்பிச் சொன்னதைப் பிறகு அறிக்கையில் எழுதினால் அதோடு எல்லாம் முடிந்தது. இன்னொரு அலுவலரையும் அவன் நம்ப மாட்டான்.

அடுத்தது, பிரச்சினை என்ன என்று பையனிடமே கேட்பது. கோப்பில் திருட்டு என்று இருக்கும். அவனைக் கேட்டால், மெக்கானிக் கடையில் மூன்று மாதச் சம்பளம் தரவில்லை என்பான். அப்பா குடித்துவிட்டு அடிக்கிறார், வீட்டில் படுக்க முடியவில்லை என்பான். இரண்டையும் சேர்த்துத்தான் திட்டம் போட முடியும். மூன்றாவதாக, அவன் சரியாகச் செய்த சின்னக் காரியத்தையும் கவனித்துச் சொல்ல வேண்டும், தவறியதையும் மழுப்பாமல் சொல்ல வேண்டும். அலுவலரும் சொன்ன நேரத்துக்கு வர வேண்டும், சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும். ஆஸ்திரேலியாவின் கிறிஸ் டிராட்டர் விரும்பாமல் வருபவர்களோடு பணியாற்றுவதைப் பற்றி 1999-இல் எழுதிய நூல் பல நாடுகளில் சமூகப்பணி மாணவர்களுக்குப் பாடம். அவர் விக்டோரியா மாநிலத்தில் இந்த முறைகளில் பயிற்சி பெற்ற அலுவலர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டார். முறைகளைக் கையாண்ட அலுவலர்களிடம் வந்தவர்கள் மறுபடி குற்றத்தில் விழுவது குறைந்திருந்தது.

இதில் எந்த இடத்தில் கட்டுரையாளர் கேலி செய்யும் கொஞ்சல் இருக்கிறது? நிபந்தனையை மீறினால் அலுவலர் அறிக்கை கொடுக்கத்தான் செய்வார். 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு நிபந்தனையை மீறியவனை மறுபடி நீதிமன்றத்தில் நிறுத்தி, முதல் குற்றத்துக்கே தண்டனை தர வழி செய்கிறது. அதிகாரம் அங்கே இருக்கிறது. அதைப் பூசி மறைக்கவும் கூடாது, காட்டிக் காட்டி மிரட்டவும் கூடாது என்பதுதான் இந்தத் தொழிலின் திறமை.

கனடாவிலும் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஜேம்ஸ் போண்டாவும் அவர் குழுவினரும் மானிடோபா மாநில நன்னடத்தை அலுவலர்களின் உரையாடல்களைப் பதிவு செய்து கேட்டார்கள். அதிக நேரத்தை நிபந்தனைகளைச் சரிபார்ப்பதில் கழித்த அலுவலர்களிடம் வந்தவர்கள்தான் அதிகமாகக் குற்றத்துக்குத் திரும்பியிருந்தார்கள். பிறகு மூன்று மாநிலங்களில், குலுக்கல் முறையில் தேர்ந்த அலுவலர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தார்கள். 2011-இல் வெளியான முடிவின்படி, பயிற்சி பெற்றவர்களிடம் வந்தவர்களில் இரண்டாண்டுகளுக்குள் மறுபடி குற்றம் செய்தவர்கள் ஏறத்தாழ 25 விழுக்காடு. மற்றவர்களிடம் வந்தவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு. சிறிய ஆய்வுதான், அதை வைத்துக் கோட்டை கட்ட வேண்டாம். ஆனால் இரு தரப்பிலும் வந்தவர்கள் விரும்பி வந்தவர்கள் இல்லை. அவர்களுக்கு வாய்த்த அலுவலரின் வேலைமுறை மட்டுமே வேறு. மாற விரும்பாதவன் மாறவே மாட்டான் என்றால் இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று கட்டுரையாளர் விளக்க வேண்டும்.

கட்டுரையாளர் உயிராக நம்பும் பயத்துக்கு வருகிறேன். பிள்ளைகளைச் சிறைக்குக் கூட்டிப்போய்க் காட்டும் யோசனையைத் தானே கண்டுபிடித்ததுபோல எழுதியிருக்கிறார். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ராவே சிறையில் 1976-இலேயே அது தொடங்கிவிட்டது. ஆயுள் கைதிகள் சிறுவர்களைச் சூழ்ந்துகொண்டு கத்தி, திட்டி, சிறைக்குள் அவர்களுக்கு நேரப்போகும் கொடுமைகளைச் சொல்லி நடுங்கவைத்தார்கள். அதைப் படமெடுத்து 1978-இல் வெளியிட்டார்கள், அந்த ஆவணப்படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஊர் ஊராக அதேபோல நடத்தத் தொடங்கினார்கள். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஃபிங்கனாவர் கணக்கெடுத்தபோது, சிறைக்குள் போய் மிரட்டப்பட்ட சிறுவர்களில் 41 விழுக்காட்டினர் ஆறு மாதத்துக்குள் மறுபடி குற்றம் செய்திருந்தார்கள். போகாத சிறுவர்களில் அது 11 விழுக்காடு. பின்னால் அந்தோணி பெட்ரோசினோ குழுவினர் இப்படிப்பட்ட ஒன்பது சோதனைகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தால்கூட அந்தச் சிறுவர்கள் நன்றாக இருந்திருப்பார்கள் என்பது அவர்கள் கண்ட முடிவு. அரை நூற்றாண்டுக்கு முன் தொடங்கி, பிள்ளைகளைக் கெடுக்கும் என்று நிரூபணமான ஒன்றை, நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள்மேல் ஏவச் சொல்கிறார். ஒரு நாள் தேடியிருந்தால் கிடைத்திருக்கும் செய்தி இது. பிள்ளைகளின் வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறவர் அந்த ஒரு நாளைக்கூடச் செலவிடவில்லை.

மாவுக்கட்டு விஷயம் இதைவிட மோசம். காவல் நிலையக் கழிப்பறையில் வழுக்கி விழுந்தார் என்று எழுதப்படும் காகிதத்தை யாரும் நம்புவதில்லை, எழுதுகிறவரும் நம்புவதில்லை. சட்டத்தைக் காக்க வேண்டியவர் பொய் எழுதுகிறார், அதைப் பார்த்துச் சமூகம் கைதட்டுகிறது. இதிலிருந்து அடிபட்டவன் என்ன கற்றுக்கொள்வான்? பலமுள்ளவன் அடிக்கலாம், அடித்துவிட்டுப் பொய் சொல்லலாம், யாரும் கேட்க மாட்டார்கள். இந்தப் பாடம் அவனுக்கு ஏற்கெனவே தெரியும். தெருவில் அதைக் கற்றுத்தான் அவன் குற்றத்துக்குள் வந்தான். அரசு அதற்கு முத்திரை குத்திக் கொடுக்கிறது.

இந்த வழி எங்கே போய் முடியும் என்று 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தபோது பார்த்தோம். 2022 டிசம்பர் இறுதியில் செங்கல்பட்டு அரசுக் கூர்நோக்கு இல்லத்திலும் பார்த்தோம். 17 வயதுப் பையன் ஒருவன் அங்கே இறந்தான், இல்லத்தின் பணியாளர்கள் கைது செய்யப்பட்டார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாடு அரசு, இல்லங்களைச் சீரமைக்க யோசனை கேட்டு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. பயமே மருந்து என்று எழுதும்போது அந்தப் பையனைக் கட்டுரையாளர் நினைத்துப் பார்த்தாரா? கட்டுரையில் அந்தச் சம்பவத்தின் சுவடே இல்லை.

பூட்டிவைத்துத் திணிக்கும் சிகிச்சை பெரும்பாலும் பலிப்பதில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். போதைக்கு அடிமையானவர்களைக் கட்டாயமாக அடைத்துவைக்கும் மையங்களை மூடச் சொல்லி ஐ.நா.வின் 12 அமைப்புகள் 2012-இல் கூட்டறிக்கை விட்டன. மறுவாழ்வு மையம் என்று பலகை மாட்டிக்கொண்டு உள்ளே அடித்து உதைக்கும் இடங்களைப் பற்றி நம் நாளிதழ்களிலும் செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் இது கட்டுரையாளருக்கு உதவும் வாதமில்லை. வலுக்கட்டாயம் தோற்ற இடங்களைக் காட்டி இன்னும் அதிக வலுக்கட்டாயத்தை அவர் கேட்கிறார்.

எதுவும் பலிக்காது என்ற அவருடைய அடிப்படை வாதமும் பழசு. ராபர்ட் மார்ட்டின்சன் 1974-இல் சீர்திருத்தத் திட்டங்களைப் பற்றி எழுதிய கட்டுரையை அமெரிக்க அரசியல்வாதிகள் அப்படித்தான் படித்து, சிறைகளை நிரப்பக் காரணமாக்கிக்கொண்டார்கள். அதே மார்ட்டின்சன் 1979-இல், சில திட்டங்கள் பலிக்கின்றன என்று சொல்லித் தன் முடிவைப் பகிரங்கமாகத் திரும்பப் பெற்றார். முதல் கட்டுரை மட்டும் இன்றும் மேற்கோளாக வாழ்கிறது.

மேல்நாட்டுச் சரக்கு நம் மண்ணுக்கு ஒவ்வாது என்கிறார் கட்டுரையாளர். மதராஸ் மாகாணம் தன் குழந்தைகள் சட்டத்தை 1920-இல் இயற்றியது, இந்திய மாகாணங்களில் அதுவே முதல். குற்றவாளிகளுக்கான நன்னடத்தைச் சட்டத்தை 1936-இல் கொண்டுவந்தது, நாடாளுமன்றம் அகில இந்தியச் சட்டம் இயற்றுவதற்கு இருபதாண்டுகளுக்கும் மேல் முன்பாகவே. அவர் அந்நியம் என்று தள்ளுவது சென்னை முன்னால் நடந்து காட்டிய பாதை.

அந்த 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் இல்லையென்றால் 21 வயதுக்குட்பட்டவரைச் சிறைக்கு அனுப்பும் நீதிமன்றம் அதற்குக் காரணம் எழுத வேண்டும் என்கிறது, அதற்கு முன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்கவும் சொல்கிறது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் சமூக விசாரணை அறிக்கைக்கு 15 நாள் கெடு வைத்திருக்கிறது. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு கண்காணிப்பதோடு வேலை தேடிக்கொடுக்க முயல்வதையும் அலுவலரின் கடமையாக்குகிறது. அந்தப் பணியிடங்களைக் குறைத்தால் இந்த அறிக்கைகளை யார் எழுதுவார்கள்? பையனின் வீட்டுக்குப் போகாமல், பக்கத்து வீட்டில் விசாரிக்காமல், பழைய அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றிப் புதிய அறிக்கை தயாராகும். அதை வைத்து நீதிபதி ஒரு பிள்ளையின் மூன்றாண்டுகளை முடிவு செய்வார்.

கண்காணிப்பை இறுக்கச் சொல்கிறவர், நிபந்தனைப் பிணையில் வந்தவன் தினமும் காலையில் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட நிற்பதைப் பார்க்காதவர் அல்ல. எழுத்தர் வரும்வரை நின்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதற்குள் கட்டட வேலைக்கு ஆள் எடுத்து முடித்திருப்பார்கள். ஒரு வாரத்தில் மேஸ்திரி அவனைக் கூப்பிடுவதை நிறுத்திவிடுவார். வேலையில்லாமல் திரியும் அவனைத் தேடிப் பழைய கூட்டாளிகள் வருவார்கள். இறுக்கிய கண்காணிப்பின் பலன் இது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, சமூக சேவையை ஒரு தண்டனையாகவே சேர்த்திருக்கிறது. தண்டனையாக வேலைக்கு அனுப்பப்படும் ஒவ்வொருவரும் விருப்பமில்லாமல் வருபவர். அவர்களுக்கு வேலை ஒதுக்கவும், வந்தாரா என்று பார்க்கவும், வராவிட்டால் ஏன் என்று கேட்கவும் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். பணியிடங்களைக் குறைக்கச் சொல்லும் கட்டுரை வந்திருப்பது இந்த நேரத்தில். நன்னடத்தை அலுவலர் ஒருவரின் மேசையில் இன்று எத்தனை கோப்புகள் கிடக்கின்றன, வீடு தேடிப்போக அவருக்கு வண்டி இருக்கிறதா, கடைசியாக அவருக்கு எப்போது பயிற்சி கொடுக்கப்பட்டது என்று அரசு மாவட்டம் மாவட்டமாகக் கணக்கெடுத்து வெளியிடட்டும். இந்த வேலை பலிக்கிறதா இல்லையா என்ற வாதத்தை அந்தக் கணக்கை முன்னால் வைத்துக்கொண்டு நடத்த நான் தயார்.