கடற்கரை என்ன ரேஸ் டிராக்கா?

போன ஜனவரி. ஆணி கொஞ்சம் கம்மியா இருந்த ஒரு சனிக்கிழமை, டீம் அவுட்டிங்னு சொல்லி எங்க டேமேஜர் எல்லாரையும் ஈசிஆர் பக்கம் தள்ளிக்கிட்டுப் போனார். கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவுல ஒரு ரிசார்ட். பேரு வேணாம். அங்க ஏடிவின்னு ஒரு நாலு சக்கர வண்டி, மணல்ல ஓட்டலாம். நானும் ஓட்டினேன். பொய் சொல்வானேன், செம ஜாலி.

இறங்கினதும் வலை பிரிச்சுக்கிட்டு இருந்த ஒரு பெரியவர் கூப்பிட்டார். "தம்பி, ராத்திரி ஆமை ஏறின இடம் இது. தடத்தைப் பாரு"ன்னார். பார்த்தேன். பாதித் தடம்தான் இருந்துச்சு. மீதிக்கு மேல என் டயர்.

பங்குனி ஆமை மக்களே. ஜனவரியிலேருந்து மார்ச் வரைக்கும் நம்ம கரையில ஏறி, ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி பறிச்சு, நூறு முட்டைக்கு மேல போட்டு மூடிட்டுப் போயிடும். பொரிக்க 45 நாளுக்கு மேல ஆகும். வண்டி ஏறினா மேல் மணல் இறுகிடும், குஞ்சு முட்டி மோதி வெளிய வரணும். வந்தாலும் டயர் பள்ளத்துல விழுந்து, கடலுக்குப் போகாம பள்ளத்தோடயே ஊர்ந்துக்கிட்டு இருக்கும். காக்காவும் நாயும் சும்மா விடுமா?

"அதான் முட்டைய எடுத்துக் குஞ்சு பொரிப்பகத்துல வைக்கிறாங்களே"ன்னு கேட்டான் கூட வேலை பார்க்கிற நண்பன். அப்பா சாமி, எப்படி எடுக்கிறாங்க? ராத்திரி மைல் கணக்கா நடந்து, ஆமையோட தடத்தைப் பிடிச்சுத்தான் குழியைக் கண்டுபிடிக்கிறாங்க. சென்னைப் பக்கம் 1988லேருந்து மாணவர்கள் இப்படி நடக்கிறாங்க. நாம தடத்தை அழிச்சுட்டா எதைப் பிடிச்சுப் போவாங்க?

அடுத்த கேள்வி, "டிராலர் வலைதானே கொல்லுது?" ஆமா. 2025 ஜனவரியில சென்னை, செங்கல்பட்டு கரையில நூத்துக்கணக்குல செத்து ஒதுங்கிச்சு. அதனால என்ன? தப்பிச்சு வந்த ஆமையோட முட்டை மேல நாம வண்டி ஏத்தலாமா? என்னய்யா லாஜிக் இது! மீனவர் டிராக்டர் படகை இழுக்குது, அது பொழப்பு, இடமும் நேரமும் உண்டு. நமக்கு அது பத்து நிமிஷக் குஷி.

அமெரிக்காவுல யெல்லோஸ்டோன் பூங்காவுல பனி ஸ்கூட்டர் விட்டு இதே சண்டை. 2000ல தடைன்னு முடிவெடுத்தாங்க, புஷ் அரசு மாத்திச்சு, கோர்ட்டு கேஸ்னு இழுத்து 2013லதான் ஒரு விதி வந்துச்சு. ஒரு நாளைக்கு இத்தனைதான், சத்தமும் புகையும் கம்மியான வண்டி, வழிகாட்டி கட்டாயம், பாதையை விட்டு இறங்கக் கூடாது. இத்தனைக்கும் அங்க தடம் வெயில் வந்தா உருகிடும். இங்க அடியில உசுரு இருக்கு.

சட்டம் இல்லையான்னா, இருக்கு. 1972 வனவிலங்குச் சட்டத்துல இந்த ஆமை முதல் அட்டவணை, அதாவது புலிக்குச் சமம். கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைல ஆமை முட்டையிடும் இடமும் மணல் மேடும் முதல் வகுப்புப் பாதுகாப்பு. புலிக் குகை மேல வண்டி விட யாராவது டிக்கெட் கிழிப்பானா? டிசம்பர் கடைசியிலேருந்து மே வரைக்கும் மணல்ல உல்லாச வண்டி கிடையாதுன்னு மாவட்ட நிர்வாகம் ஒரு பக்கத்துல உத்தரவு போட்டா போதும். கஜானாவுலேருந்து காசு கூட வேண்டாம்.

அடுத்த அவுட்டிங் பிப்ரவரியில, அதே ரிசார்ட்டுன்னு டேமேஜர் மெயில் அனுப்பியிருக்கார். ஏடிவி உண்டாம். ரிப்ளை ஆல் போட்டு விட்டேன். அப்ரைசல் மார்ச்சுல.